காப்பியைக் காப்பாற்ற முடியாத விஞ்ஞானி

பயிர் நோயியல் படிக்க வருகிற பிள்ளைகளிடம் இந்தத் துறையில் உங்களுக்குப் பிடித்த விஞ்ஞானி யார் என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் நார்மன் போர்லாக் என்பார்கள். சரியான பதில்தான். கோதுமைத் துரு நோயோடு மல்லுக்கட்டித்தான் அவர் அந்த இடத்துக்கு வந்தார், கோடிக்கணக்கான பேர் வயிறு நிறைந்தது, நோபல் பரிசும் கிடைத்தது. என்னைக் கேட்டால் வேறு பேர் சொல்வேன். ஹாரி மார்ஷல் வார்டு. இலங்கையில் காப்பித் தோட்டங்கள் துரு நோயில் அழிந்துகொண்டிருந்தபோது ஒரு வழி கண்டுபிடித்துக் கொடு என்று அனுப்பப்பட்ட இளைஞர். இரண்டு வருடம் இருந்தார், நோயை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டினார், காப்பி பிழைக்கவில்லை, அவரும் ஊர் திரும்பிவிட்டார்.

இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. வகுப்பு மணி அடிப்பதற்குள் சொல்லி முடிக்கிற பதில் அதற்கு இல்லை, அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் நோய் வந்த கதை. 1869-ல் இலங்கையின் மடுல்சீமைப் பக்கம் காப்பி இலைகளின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி தெரிய ஆரம்பித்தது. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் த்வெய்ட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, பெர்க்லி என்ற பாதிரியார், பூஞ்சாணங்களில் அந்தக் காலத்துப் பெரிய கை, அதைப் பார்த்துவிட்டு இது புதிய இனம் மட்டுமில்லை, புதிய பேரினமே என்று எழுதி ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பேர் வைத்தார். தோட்டத் துரைமார் முதலில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வந்தது போய்விடும், உரம் போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தார்கள். அவர்களை ஏமாற்றியது விலை. 1870-களில் காப்பி விலை ஏறிக்கொண்டே போனதால், ஏக்கருக்கு விளைச்சல் குறைந்தாலும் கையில் பணம் நின்றது. அந்தத் தெம்பில் இன்னும் காட்டை வெட்டி இன்னும் காப்பி வைத்தார்கள். பூஞ்சாணத்துக்குப் பந்தி விரித்த மாதிரி ஆயிற்று.

அந்தக் காட்டை வெட்டியது யார், பழம் பறித்தது யார் என்று நம்மூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கண்டிச் சீமைக்குப் போகிறோம் என்று திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, சேலம் பக்கமிருந்து கிளம்பி, மன்னார் வழியாகக் காட்டுப் பாதையில் மாத்தளை வரைக்கும் நடந்தே போன சனம். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்களுக்குக் கணக்கு சரியாக இல்லை. 1876 முதல் 78 வரை தாது வருடப் பஞ்சத்தில் இங்கே சோற்றுக்கு வழியில்லாமல் போனபோது இன்னும் கூட்டமாகப் போனார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் வேலை கொடுத்த பயிர் அதற்கு முன்பே நோயில் விழுந்திருந்தது.

வார்டு இந்தக் கதைக்குள் வருவது 1880-ல். வயது 25, 26 இருக்கும். 1854-ல் ஹெரெஃபோர்டில் பிறந்தவர், அப்பா இசைக் கலைஞர், வீட்டில் வசதி கிடையாது, 14 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். எப்படியோ லண்டன் சவுத் கென்சிங்டனில் தாமஸ் ஹக்ஸ்லி நடத்திய வகுப்புக்கு வந்து சேர்ந்தார். அங்கே நுண்ணோக்கியும் கத்தியுமாக, தானே அறுத்து தானே பார்த்துப் படிக்க வேண்டும், ஆசிரியர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு போனால் போதாது. பிறகு மான்செஸ்டர், உதவித்தொகையில் கேம்பிரிட்ஜ், 1879-ல் முதல் வகுப்பில் தேர்ச்சி, கொஞ்ச நாள் ஜெர்மனியில் சாக்ஸ் என்ற தாவரவியலாளரிடம் பயிற்சி. அப்புறம் கப்பலேறிவிட்டார். அரசாங்கம் கொடுத்த பதவியின் பேர் கிரிப்டோகமிஸ்ட். பூஞ்சாணம், பாசி மாதிரி பூக்காத தாவரங்களை ஆராய்கிறவர் என்று அர்த்தம். ஒரு தீவின் முழுப் பொருளாதாரத்தையும் தாங்கிப் பிடிக்க, அந்தப் பதவியில் ஒரே ஓர் ஆள்.

அவர் வந்தபோது நோயைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருந்தது. மண் சத்து போய்விட்டது, மரம் கிழடாகிவிட்டது, மழை ஒத்துக்கொள்ளவில்லை, பூஞ்சாணம் பட்டையிலும் கிளையிலும் வெளியே நூல் நூலாகப் படர்ந்து கிடக்கிறது அதைக் கொன்றால் போதும், இப்படி. வார்டு செய்த வேலையை இந்தக் காலத்து மாணவர்கள் ஒருமுறையாவது உட்கார்ந்து யோசித்துப் பார்க்க வேண்டும். அவரிடம் இருந்தது ஒரு நுண்ணோக்கி, கண்ணாடித் தகடுகள், காப்பிக் கன்றுகள், பொறுமை. அவ்வளவுதான்.

ஆரஞ்சுப் பொடியை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் ஒவ்வொரு துகளும் ஒரு வித்து. ஒரு பக்கம் வளைந்து முள்முள்ளாக இருக்கும், இன்னொரு பக்கம் வழவழப்பு. இந்த வித்தை இலைமேல் ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். சில மணி நேரத்தில் அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று முளைத்து, இலைப் பரப்பில் ஊர்ந்து, இலைத்துளை ஒன்றைக் கண்டுபிடித்து அதற்குள் நுழைகிறது. தண்ணீர் காய்ந்துவிட்டால் முளைப்பது நின்றுவிடுகிறது. காப்பி இலைக்கு அந்தத் துளைகள் அடிப்புறத்தில் மட்டும்தான் உண்டு, அதனால் மேல்புறத்தில் விழுந்து முளைத்தாலும் உள்ளே போக வாசல் இல்லை. நுழைந்த பிறகு செல்களுக்கு இடையே நூலாகப் படர்ந்து, செல்லுக்குள் சின்னச் சின்ன உறிஞ்சிகளை விட்டுச் சாப்பிட ஆரம்பிக்கிறது. வெளியே இலை பச்சைப் பசேலென்று இருக்கும். இரண்டு மூன்று வாரம் கழித்து அந்த இடத்தில் மங்கலான மஞ்சள் புள்ளி, அப்புறம் அதே இலைத்துளை வழியாகப் புதிய வித்துகள் கொத்துக் கொத்தாக வெளியே தள்ளும். ஆரஞ்சுப் பொடி. மறுபடியும் காற்று, மறுபடியும் ஒரு சொட்டுத் தண்ணீர், மறுபடியும் ஒரு புது இலை.

வெளியே பட்டையில் தெரிந்த நூல்களுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லை, அவை செத்த பொருளைத் தின்று பிழைக்கிற வேறு பூஞ்சாணங்கள் என்றும் காட்டினார். வித்து எதில் பயணம் செய்கிறது என்று பார்க்க கிளிசரின் தடவிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டத்தில் காற்றுப்படும்படி வைத்து, அவற்றில் ஒட்டியதை நுண்ணோக்கியில் தேடினார். காற்றில் பறக்கிற வித்தைப் பொறிவைத்துப் பிடிக்கிற வேலையை இன்றைக்குப் பெரிய பெரிய கருவிகளை வைத்துச் செய்கிறோம், அடிப்படை அதேதான். தகட்டில் வித்து ஒட்டியிருந்தது. ஆக நோய் மண்ணிலிருந்து வரவில்லை, காற்றில் வருகிறது, மழையில் முளைக்கிறது, இலையின் அடியில் நுழைகிறது.

இப்படி ஒவ்வொரு கட்டத்தையும் தன் கண்ணால் பார்த்து முடித்த பிறகு அவர் சொன்ன முடிவுதான் என்னைப் பொறுத்தவரை எங்கள் துறையின் ஆணிவேர். பூஞ்சாணம் இலைக்குள் போய்விட்டால் வெளியிலிருந்து தெளிக்கிற எதுவும் அதைத் தொடாது. கொல்வதாக இருந்தால் அது வெளியே இருக்கிற அந்தச் சில மணி நேரத்தில், முளைத்து நுழைவதற்குள் கொல்ல வேண்டும். அதாவது வித்து வந்து விழும்போது மருந்து அங்கே ஏற்கெனவே இருக்க வேண்டும். மருந்து நோய்க்கு முன்னால் போக வேண்டும். இன்றைக்கு ஒவ்வொரு வேளாண் அலுவலரும் வாய் வலிக்கச் சொல்கிற வருமுன் காக்கும் தெளிப்பு என்பதன் காரணத்தை, எந்த நேரத்தில், எந்த இடத்தில், ஏன் என்பது வரைக்கும் 1880-களின் தொடக்கத்தில் பேராதனையில் இருந்து ஒருவர் எழுதி வைத்துவிட்டார்.

ஆனால் தெளிக்க என்ன இருந்தது? கந்தகமும் சுண்ணாம்பும். பருவமழை ஊற்றுகிற மலையில், லட்சக்கணக்கான ஏக்கரில், ஒவ்வொரு இலையின் அடிப்புறத்திலும் அந்தப் பொடியைப் படவைத்து, மழை கழுவியதும் மறுபடி படவைப்பது நடக்கிற காரியமா? நடக்காது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. இன்னொன்றும் சொன்னார். மலைக்கு மலை இடைவெளியே இல்லாமல் ஒரே பயிரைப் பரப்பி வைத்திருக்கிறீர்கள், காற்றைத் தடுக்க நடுவில் மரங்கள் இல்லை, வித்துக்கு ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போகத் தடையே இல்லை என்று. துரைமார் எதிர்பார்த்தது இதை இல்லை. ஒரு மருந்து, ஒரு கலவை, அடித்தால் நோய் போக வேண்டும். அது கிடைக்காத ஏமாற்றம் அவர்களுக்கு இருந்தது. 1882-ல் பதவிக்காலம் முடிந்து வார்டு கிளம்பிவிட்டார்.

மூன்றே வருடத்தில், 1885-ல், பிரான்சின் போர்டோ பகுதியில் மில்லார்டே என்ற பேராசிரியர் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த கலவை திராட்சையின் அடிச்சாம்பல் நோயைத் தடுக்கிறது என்று வெளியிட்டார். போர்டோ கலவை. இலையில் ஒட்டிக்கொண்டு மழைக்கு ஓரளவு தாக்குப்பிடிக்கும், முளைக்கிற வித்தைக் கொல்லும். வார்டு எப்படிப்பட்ட மருந்து வேண்டும் என்று விவரித்தாரோ அப்படியே ஒரு மருந்து. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். அதற்குள் இலங்கைக் காப்பியின் கதை முடிந்துவிட்டிருந்தது. 1870-ல் ஏறத்தாழ 4.5 கோடி கிலோ ஏற்றுமதி செய்த தீவு 1889-ல் 23 லட்சம் கிலோவுக்கு இறங்கியது. 1884-ல் ஓரியன்டல் வங்கி மூழ்கியது. கொஞ்சக் காலம் கொய்னா மருந்து எடுக்கிற சிங்கோனா மரம் வைத்துப் பார்த்தார்கள், அதன் விலையும் விழுந்தது, கடைசியில் ஜேம்ஸ் டெய்லர் 1867-லேயே லூல்கந்துரையில் நட்டுக் காட்டியிருந்த தேயிலைக்கு எல்லோரும் மாறினார்கள்.

இங்கே ஒரு விஷயம். காப்பி அழிந்ததால்தான் ஆங்கிலேயர்கள் டீ குடிக்கப் பழகினார்கள் என்று ஒரு கதை எல்லா இடத்திலும் சுற்றுகிறது, பாடப்புத்தகத்திலும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை நம்பாதீர்கள். அவர்கள் அதற்கு நூறு வருடம் முன்பே டீக்காரர்கள், சீனத்துத் தேயிலையைக் குடித்துக்கொண்டிருந்தவர்கள். துரு நோய் மாற்றியது குடிக்கிறவர்களை இல்லை, பயிர் செய்கிற மலையை. அந்த மலையில் வேலை செய்த நம் சனத்தை. காப்பிக்குப் பழம் பறிக்கிற பருவத்தில்தான் நிறைய ஆள் வேண்டும், சீசன் முடிந்தால் பலர் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். தேயிலைக்கு வருடம் முழுக்கக் கொழுந்து பறிக்க வேண்டும். அதனால் குடும்பம் குடும்பமாக லயத்து அறைகளிலேயே தங்கிவிட்டார்கள். இன்றைய மலையகத் தமிழ் மக்களின் வாழ்வு அங்கே வேர் பிடித்ததில் இந்தப் பூஞ்சாணத்துக்குப் பங்கு உண்டு. காப்பி விழுந்த வருடங்களில் பல தோட்டங்களில் கூலி மாதக்கணக்கில் பாக்கி நின்றது. நோயின் வரலாற்றை எழுதுகிறவர்கள் துரைமாரின் நட்டத்தையும் வங்கி மூழ்கியதையும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு இந்தப் பாக்கிக் கூலியை அரை வரியில் தாண்டிப் போவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பயிருக்கு வருகிற நோயின் செலவை முதலில் கட்டுகிறவர் எப்போதும் கூலிக்காரர்தான், அன்றைக்கும் இன்றைக்கும்.

வார்டின் மிச்ச வாழ்க்கையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், சாதனை குறைவு என்பதால் இல்லை, அதெல்லாம் ஆய்வுக்கூடத்துக்குள் நடந்தது. திரும்பும் வழியில் ஸ்ட்ராஸ்பர்கில் டி பாரி என்ற பூஞ்சாண ஆய்வாளரிடம் கொஞ்சக் காலம் வேலை செய்தார். மான்செஸ்டரில் இருந்துவிட்டு 1885-ல் கூப்பர்ஸ் ஹில் கல்லூரியின் வனவியல் பிரிவில் பேராசிரியரானார். இந்தியக் காடுகளுக்கு அனுப்பப்படுகிற அதிகாரிகளுக்குப் பாடம் எடுக்கிற இடம் அது. அங்கே இருந்தபோது அவரைச் செடியின் வேரில் ஒரு நுண்ணுயிர் எப்படி வேர்த்தூவி வழியாக நுழைந்து முடிச்சை உண்டாக்குகிறது என்று காட்டினார். லில்லிச் செடியைத் தாக்கும் பூஞ்சாணம் நொதியை விட்டு செல் சுவரைக் கரைக்கிறது என்று காட்டினார். எல்லாமே, கவனித்தால், பேராதனையில் கேட்ட அதே கேள்விதான்: உள்ளே எப்படிப் போகிறது? 1888-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1895-ல் கேம்பிரிட்ஜ் தாவரவியல் பேராசிரியர்.

கடைசி வருடங்களில் மறுபடியும் துருவுக்கே வந்தார். புரோமஸ் என்கிற புல் வகைகளையும் அவற்றின் பழுப்புத் துருவையும் எடுத்துக்கொண்டு, ஒரு புல்லைத் தாக்குகிற துரு பக்கத்திலிருக்கிற இன்னொரு புல்லை ஏன் விட்டுவிடுகிறது என்று பார்த்தார். இலைத்துளை சின்னதாக இருப்பதாலா, மயிர் அதிகமாக இருப்பதாலா என்றால் இல்லை. எதிர்ப்பு இலையின் அமைப்பில் இல்லை, உயிருள்ள செல்லுக்குள் இருக்கிறது என்றார். எதிர்ப்பு உள்ள புல்லில் பூஞ்சாணம் நுழைந்ததும் சுற்றியுள்ள செல்கள் சட்டென்று செத்துப்போய், பூஞ்சாணம் தின்ன எதுவும் இல்லாமல் பட்டினி கிடப்பதையும் 1902-ல் எழுதினார். பின்னால் ஸ்டேக்மேன் என்ற அமெரிக்கப் பயிர் நோயியலாளர் இதற்குப் பேர் வைத்தார், இன்று எதிர்ப்புத்திறன் பாடம் இதிலிருந்துதான் தொடங்குகிறது. அந்த ஸ்டேக்மேன்தான் போர்லாக்கின் ஆசிரியர் என்பதை என் மாணவியிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். வார்டு சொன்ன எல்லாமே நிலைக்கவில்லை. ஒரு இடைப்பட்ட புல்லில் பழகிக்கொண்டு துரு அடுத்த இனத்துக்குத் தாவுகிறது என்ற அவருடைய கருத்தை ஸ்டேக்மேன் குழுவினர் பிறகு பொய்யென்று நிரூபித்தார்கள். அதே கேம்பிரிட்ஜில் அவரிடம் படித்த பிஃபன் 1905-ல் கோதுமையின் மஞ்சள் துரு எதிர்ப்பு மெண்டல் விதிப்படி பரம்பரையாகப் போகிறது என்று காட்டினார். அடுத்த வருடம், 1906 ஆகஸ்டில், வார்டு சர்க்கரை நோயில் இறந்துபோனார். வயது 52. இன்சுலின் வர இன்னும் பதினைந்து வருடம் இருந்தது.

இப்போது நம்மூருக்கு வருகிறேன். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஏற்காடு பக்கம் காப்பி வைத்திருக்கிறவர்களுக்கு இந்தத் துரு பழைய கதை இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்ட் என்ற தோட்டக்காரர் மைசூர்ப் பகுதியில் நோய் தாங்குகிற ஒரு ரகத்தைத் தேர்ந்தெடுத்தார். கொஞ்சக் காலத்தில் அதற்கும் துரு வந்தது. 1930-களில் பாலெஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்தில் மேய்ன் என்பவர் காரணத்தைக் கண்டுபிடித்தார். துருவிலேயே பல இனக்கூறுகள் இருக்கின்றன, ஒன்றைத் தாங்குகிற செடி இன்னொன்றிடம் விழும். எஸ்.795 வந்தது, பிறகு சந்திரகிரி வந்தது, இப்படி ரகமும் துருவும் மாறி மாறி ஓடிக்கொண்டே இருக்கின்றன. நூறு வருடம் அமெரிக்கக் கண்டத்துக்கு வராமல் இருந்த நோய் 1970-ல் பிரேசிலுக்குப் போய்விட்டது. 2012-ல் மத்திய அமெரிக்கா முழுக்க அடித்து நொறுக்கி, பழம் பறிக்கிற கூலிக்காரர்களைத்தான் முதலில் வேலையிழக்க வைத்தது. பல துருக்களுக்கு மாற்றுச் செடி ஒன்று உண்டு, அங்கே போய் வாழ்க்கையின் மறுபாதியை நடத்தும். இந்தத் துருவுக்கு அப்படி ஒரு செடியை வார்டும் பார்க்கவில்லை, இத்தனை வருடத்தில் வேறு யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆராய்ச்சிக்குத் தலைப்பு இல்லை என்று வருகிற பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தோட்டக்காரர்களிடம் நான் சொல்வது இதுதான். இலையின் மேல்பக்கம் மஞ்சள் புள்ளி தெரிந்த பிறகு, "சார் இப்ப எதை அடிக்கலாம்" என்று கேட்டால் அந்த இலைக்குப் பதில் கிடையாது, இனி வரப்போகிற இலைக்குத்தான் உண்டு. பருவமழைக்கு முன்னால் 0.5 சதவீத போர்டோ கலவை. ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, 200 லிட்டர் தண்ணீர். இரண்டையும் தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் மெதுவாக ஊற்றிக் கலக்க வேண்டும், தலைகீழாக ஊற்றக் கூடாது. இரும்புப் பாத்திரம் வேண்டாம், பிளாஸ்டிக் டிரம் போதும். பளபளப்பான ஒரு கத்தியைக் கலவையில் கொஞ்ச நேரம் முக்கி எடுங்கள், செம்பு நிறம் ஒட்டியிருந்தால் சுண்ணாம்பு பத்தவில்லை, இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே அடித்து முடித்துவிடுங்கள். முக்கியமாக, ஸ்பிரேயர் முனையை மேல்நோக்கிப் பிடித்து இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி அடியுங்கள். மேலாக அடித்துவிட்டுப் போனால் மருந்தும் கூலியும் வீண், வாசல் இருப்பது அடியில். மழை முடிந்ததும் இன்னொரு தெளிப்பு. நிழல் அடர்ந்து காற்றோட்டம் இல்லாத இடங்களில் கிளைகளைக் கழித்துவிட்டால் இலை சீக்கிரம் காயும், காய்ந்த இலையில் வித்து முளைக்காது. சந்திரகிரி நாற்று வைத்திருப்பவர்களும் வாரத்துக்கு ஒருமுறை நாலு செடியில் இலையைத் திருப்பிப் பாருங்கள். ஆரஞ்சுப் பொடி விரலில் ஒட்டினால் தோட்டத்தில் எந்தப் பக்கம், எத்தனை செடி என்று குறித்து வைத்துக்கொண்டு, பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கும் சொல்லிவிடுங்கள், காற்று அந்தப் பக்கமும் அடிக்கும்.